ஐந்து மணி ஆட்டமும் தோட்டத்துத் தப்பும்

கண்டிக் குளத்தை ஒட்டிய மண்டபங்களில் மாலை ஐந்து மணிவாக்கில் சங்கு ஊதும். கெடபெர மேளம் முழங்க, வெஸ் தலையணி மின்ன, ஆட்டக்காரர்கள் மேடையேறுவார்கள். நடுவில் கரையோரத்து முகமூடி ஆட்டம் ஒன்று, தட்டுச் சுழற்றும் வித்தை ஒன்று, கடைசியில் தீமிதிப்பு. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து பயணிகள் வான் ஏறி ஹோட்டலுக்குப் போய்விடுவார்கள். நடனத்துக்கு இத்தனை ஒழுங்காக மேடை போட்டுக் கொடுக்கும் ஊர் இலங்கையில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

இதே ஊரின் முதுகில்தான் ஹந்தானைத் தேயிலை மலை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் வணிகத்துக்காக முதன்முதலில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் கண்டி மாவட்டத்தைச் சேர்ந்ததே. மாசி பிறந்தால் இந்த மலைகளில் காமன் நடுவார்கள். ரதியும் மன்மதனும் இரவிரவாக ஆடுவார்கள், சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிவான், ரதி தலைவிரித்துப் புலம்புவாள். தோட்ட வேலை முடித்து, குளித்து, அரிதாரம் பூசி வருகிறவர்கள் ஆடும் காமன் கூத்து இது. இவர்களுக்காக நகரத்தில் ஒரு மண்டபத்தின் கதவும் திறப்பதில்லை.

திறக்கவேண்டும். பழம்பொருளைப் பார்வைக்கு வைப்பதுபோல ஒரு நாள் கூட்டிவந்து, சால்வை போர்த்தித் திருப்பி அனுப்புவது இதில் சேராது. காமன் கூத்தின் அடவையும் தப்பு மேளத்தின் அடியையும் கையில் எடுத்து, இன்றைய மலையக வாழ்க்கையைப் பேசும் புதிய நடனங்களை ஆக்க இடமும் நேரமும் பணமும் கொடுக்கவேண்டும். மத்திய மாகாணத்தின் கலாசார நிர்வாகமும் பேராதனைப் பல்கலைக்கழகமும் சேர்ந்தால் நடக்கக்கூடிய காரியம்தான்.

மரபைக் குலைக்கிறார்கள் என்ற குரல் உடனே எழும். கண்டி நடனத்தின் கதையையே அதற்குப் பதிலாகச் சொல்லலாம். கொஹொம்ப கங்காரிய என்ற சடங்கில், நோயும் தோஷமும் நீங்க ஆடப்பட்ட ஆட்டம் அது. வெஸ் ஆட்டக்காரர்கள் பெரஹரா ஊர்வலத்தில் இடம்பிடித்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பிறகு நடனக் கலைஞர் சித்ரசேன அதை அரங்குக்குக் கொண்டுவந்து, 1961இல் 'கரதிய' என்ற பாலே மூலம் கடற்கரை மீனவர்களின் வாழ்வைச் சொல்லவைத்தார். ஆண்களுக்கே உரியதாயிருந்த ஆட்டத்தை அவர் மனைவி வஜிரா பெண்ணின் உடலுக்கேற்ப மாற்றி மேடையில் நிலைநிறுத்தினார். இத்தனைக்குப் பிறகும் அது கண்டி நடனமாகவேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். கெடபெரவைக் காலங்காலமாக அடித்துவந்தவர்கள் பெரவ என்ற சாதியார், ஊரில் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டவர்கள். தப்படித்தவர்களுக்குத் தமிழரிடையே கிடைத்ததும் அதே இடம்தான். ஒரு மேளம் நாட்டின் அடையாளமாக உயர்ந்தது, மற்றது தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து வாசலிலேயே நின்றுவிட்டது. மத்திய வங்கி 2010ஆம் ஆண்டுத் தொடரில் அச்சிட்ட நாணயத்தாள்களின் பின்புறத்தில் ஆட்டக்காரரும் மேளக்காரருமாக நிற்கிறார்கள். தமிழர் பங்குக்கு நூறு ரூபாய்த் தாளில் பரதநாட்டியமும் மிருதங்கமும். தப்பு எந்தத் தாளிலும் இல்லை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாய் ஆனது. சம்பளத்தை எண்ணி வாங்கும் கையில் எல்லா ஆட்டமும் இருக்கும், அந்தக் கைக்குரிய ஆட்டம் மட்டும் இருக்காது.

பள்ளிக்கூடத்திலும் இதே கதை. சாதாரண தரப் பரீட்சையில் சுதேச நடனம் ஒரு பாடம், பரதம் ஒரு பாடம். சிங்களப் பிள்ளைகள் முதலாவதுக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டாவதுக்கும் போவதே வழக்கம். தப்புக்கென்று பாடம் கிடையாது. ஒரே ஊர்ப் பிள்ளைகள் பதினாறு வயதுவரை ஒருவர் தாளத்துக்கு மற்றவர் காலெடுத்து வைக்காமலே வளர்ந்துவிடுகிறார்கள். 2018 மார்ச்சில் கண்டிக்கு அருகே திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது நாடு முழுவதற்கும் அவசரகாலநிலை அறிவிக்கவேண்டி வந்தது. அந்த நாட்களைப் பற்றிக் கண்டியில் ஓர் ஆட்டம் உருவாகவேண்டுமானால், அதை எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துதான் ஆடமுடியும்.

முன்னுதாரணம் தேடிக் கடல் தாண்டவேண்டியதில்லை, பேராதனைப் பல்கலைக்கழகமே போதும். 1956இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை அரங்கேற்றினார். சிங்கள நாடகம் தன் கிராமிய வேரிலிருந்து புதிதாகத் துளிர்த்த தருணம் அது. அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைக் கையிலெடுத்தார். விடிய விடிய வட்டக் களரியில் ஆடப்பட்டதைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்கு ஏற்றினார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்'. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, 1969இல் 'சங்காரம்' படைத்து வர்க்கப் போராட்டத்தையே கூத்தின் தாளக்கட்டுக்குள் கொண்டுவந்தார். அதே ஆண்டு யாழ்ப்பாணத்தில் 'கந்தன் கருணை' ஆலயப் பிரவேசத்தைக் கூத்தாக்கியது. மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் தோழர்களும் கூத்து மீளுருவாக்கம் என்ற பெயரில், கூத்தில் ஊறிய சாதி, பால் பாகுபாடுகளை ஆடுகிற ஊராரோடேயே உட்கார்ந்து பேசித் திருத்தப் பார்த்தார்கள்.

மட்டக்களப்புக் கூத்துக்குப் பேராதனையில் கதவு திறந்து அறுபது ஆண்டுக்கு மேலாகிறது. பல்கலைக்கழகத்துக்கு எதிர்மலையில் ஆடும் கூத்துக்கு அந்த அளவு கதவு திறக்கவில்லை. இது கொஞ்சம் வெட்கப்படவேண்டிய விஷயம்.

காமன் கூத்து புதிய பொருளைத் தாங்குமா என்று கேட்பவர்கள் அதன் உள்ளமைப்பைப் பார்க்கட்டும். காமன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாகப் பிரிந்து பாட்டிலேயே மல்லுக்கு நிற்கும் லாவணி, தஞ்சைப் பக்கம் இந்தப் பண்டிகையோடு வளர்ந்தது. கேள்வி கேட்பது இந்த மரபுக்கு இரவல் சரக்கல்ல. தப்புக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதியும் காலைக் கூட்டத்துக்கு, தொழிலாளரை எழுப்பியது அதுதான். தோட்டத் துரையின் கட்டளையும் சாமியின் அழைப்பும் ஒரே தோலில் ஒலித்தன. ஆட்டம் தொடங்குமுன் தப்பை நெருப்பில் காட்டி, தோல் இறுகிவிட்டதா என்று விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி நெருப்புக்கு நீட்டும் அந்தச் சில நிமிடங்களைச் சத்தமில்லாமல் அப்படியே மேடையில் வைத்தாலே புதிய நடனத்தின் முதல் காட்சி கிடைத்துவிடும்.

ரதியாக வேஷம் கட்டுவது வழக்கப்படி ஆண். கணவனை இழந்தவளின் புலம்பலை ஓர் ஆண் பாட, கொழுந்து பறிக்கும் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். மண்சரிவில் வீட்டு மனிதரைப் பறிகொடுத்த பெண்கள் இந்த மலைகளில் குறைவில்லை. ரதியின் இடத்தில் அவர்களில் ஒருத்தி எழுந்து நின்றால் அந்தப் புலம்பல் வேறு பொருள் கொள்ளும். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பெண் தொட்டால் பறை தீட்டு என்றவர்களும் பிறகு வந்து பார்த்தார்கள்.

சம்பளமும் காணியும் வீடுமே கிடைக்காதபோது நடனம் ஒரு கேடா என்று தொழிற்சங்கக்காரர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நடனம் சம்பளத்தை ஒரு ரூபாய்கூட உயர்த்தாது. ஆனால் மலையகத்தார் வந்து 200 ஆண்டானதை முன்னிட்டு, 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தே வந்தார்கள். முன்னோர் நடந்த வழியைக் காலால் மீண்டும் அளந்த அந்த நடையை எந்த அறிக்கையும் ஈடுசெய்திருக்காது. உடம்பால் சொன்னால்தான் விளங்கும் சங்கதிகள் உண்டு என்பதைத் தொழிற்சங்கமும் அறியும்.

உண்மையான ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. திட்டப் பணத்தில் வரும் 'விழிப்புணர்வு' ஆட்டங்கள். குடிக்காதே, அடிக்காதே என்று பதாகை பிடித்து இருபது நிமிடம் ஆடி, படமெடுத்துக்கொண்டு, திட்டம் முடிந்ததும் குழுவும் கலைந்துவிடும். பார்த்தவர்களுக்குப் பதாகை நினைவிருக்கும், ஆட்டம் இருக்காது. மாறாக, சென்னையில் நடனக் கலைஞர் சந்திரலேகா 1985இல் 'அங்கிகா' நடனத்தை உருவாக்கியபோது பரதத்தோடு களரிப்பயிற்றையும் யோகத்தையும் இணைத்தார், தெய்வக் கதையை விட்டார், கோஷம் எதையும் வைக்கவில்லை. நேராக நிமிரும் முதுகெலும்பே அவருக்கு அரசியல். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் இழுக்க, சரிவில் கால் ஊன்றி, இரு கையும் தனித்தனியே ஓடும் உடம்பிலிருந்து ஒரு நடன மொழியை ஆக்கத் தெரிந்தவர் வந்தால் பதாகை தேவைப்படாது.

ஆகவே கேட்பவை எளியவை. பயணிகள் கிளம்பிய பின், மாதம் ஓர் இரவு குளக்கரை மண்டபம் ஒன்று வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, மாசியை ஒட்டி, பேராதனையின் சரச்சந்திர திறந்தவெளி அரங்கு வேண்டும். கண்டி நடனக் கலைஞரும் தப்புக் கலைஞரும் சேர்ந்து உழைக்க ஆறு மாத உதவித்தொகையும் வேண்டும். தோட்டத்தில் ஒத்திகைக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலிக்கான பதிவு, போய்விடும், பாதியில் போனால் அரைப்பேர் எழுதுவார்கள். அந்தப் பேருக்கான பணத்தையாவது முதலில் ஒதுக்கவேண்டும்.

இன்னொரு செலவும் உண்டு. ஆட்டம் முடியும் நேரத்தில் மலைக்குக் கடைசி பஸ் போயிருக்கும். வேஷம் கலைத்தவர்களையும் தப்புகளையும் பார்க்க வந்த சனத்தையும் லயத்து வாசல்வரை கொண்டுபோய் விட ஒரு பஸ் காத்துநிற்கவேண்டும். அடுத்த வாரம் அதே ஆட்டம் பிரட்டுக்களத்தில் நடக்கும்போது, நகரத்து ரசிகர்களை ஏற்றிக்கொண்டு அந்த பஸ் மேலே வரட்டும்.