ஆய்வேட்டுக்கு ஒரு நீதி, நிரலுக்கு ஒரு நீதியா?

நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அதன் ஒவ்வொரு வரியும் கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளால் சலிக்கப்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒற்றுமை 10 விழுக்காட்டைக் கடந்தால் படிப்படியாகத் தண்டனை. 60 விழுக்காட்டைக் கடந்தால் ஆய்வுப் பதிவே ரத்து. இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஆய்வேட்டின் அட்டவணைகளையும் வரைபடங்களையும் ஈன்று தந்த நிரல் எங்கிருந்து வந்தது என்று வாய்மொழித் தேர்வில் எவரேனும் கேட்டு நான் கண்டதில்லை.

வடநாட்டு நிறுவனமொன்றில் ஆய்வு செய்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் கட்டுரையோடு நிரலையும் பொதுவெளியில் வைக்க முனைந்தோம். முந்தைய ஆய்வு மாணவர்கள் வழிவழியாகக் கைமாற்றித் தந்த கோப்புகளுள் ஒன்று ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்ப்பது. ஏறத்தாழ 300 வரிகள். எழுதியவர் பெயர் இல்லை, உரிமக் குறிப்பு இல்லை. ஏதோ பாடநூலிலிருந்து பெயர்த்தெடுத்தது என்பதை மாறிகளின் பெயர்களே காட்டிக்கொடுத்தன. “இணையத்தில் கிடைத்ததுதானே, எம்ஐடி உரிமம் என்று போட்டுவிடுங்கள்” என்றார் மூத்தவர் ஒருவர்.

பிறர் நிலத்துக்கு நாம் பத்திரம் எழுதிக் கொடுக்க முடியுமா? உரிமம் வழங்கும் அதிகாரம் பதிப்புரிமை உடையவருக்கே உரியது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. உரிமக் குறிப்பே இல்லாத நிரலை எவரும் எடுத்தாளலாம் என்பது மயக்கம். அனுமதி தரப்படவில்லை என்பதே அதன் பொருள். நியூமெரிக்கல் ரெசிப்பீஸ் நூலின் நிரல்கள் நம் ஆய்வகங்களுக்கு நன்கு அறிமுகமானவை. அவற்றை மூல வடிவில் பிறருக்கு வழங்க அதன் வழக்கமான உரிமம் இடம் தருவதில்லை. எம்ஐடி உரிமம் மிகத் தாராளமானது. அதுவும் பதிப்புரிமைக் குறிப்பை அழிக்காமல் உடன்வைக்க வேண்டும் என்கிறது. ஜிபிஎல் இரண்டாம் பதிப்போ, திருத்திய கோப்பில் திருத்தியதையும் அதன் நாளையும் குறிக்கச் சொல்கிறது.

“நாம் கல்வியாளர்கள், நம்மீது யார் வழக்குத் தொடுப்பார்கள்?” என்பார்கள். ஜேக்கப்சன் எதிர் கேட்சர் வழக்கை அவர்கள் படிக்கட்டும். ராபர்ட் ஜேக்கப்சன் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர். மாதிரி ரயில்களை இயக்கும் கட்டற்ற மென்பொருளைத் தோழர்களோடு உருவாக்கினார். அதன் கோப்புகளை ஒரு வணிக நிறுவனம், ஆசிரியர் பெயர்களும் உரிமக் குறிப்பும் இன்றித் தன் மென்பொருளில் சேர்த்துக்கொண்டது. கட்டற்ற உரிமத்தின் இத்தகைய நிபந்தனைகள் பதிப்புரிமைச் சட்டத்தின் வலுவுடையவை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. கவனியுங்கள்: அங்கே பறிகொடுத்தவர் நம்மைப் போன்ற ஒரு கல்வியாளர். இன்று எடுப்பவராக இருக்கும் நாம் நாளை பறிகொடுப்பவராகவும் ஆகலாம்.

லினக்ஸ் சமூகமும் இதைப் பட்டுத்தான் கற்றது. 2003இல் எஸ்சிஓ நிறுவனம், யுனிக்ஸ் நிரல் லினக்ஸில் கலந்துவிட்டதாகக் கூறி ஐபிஎம்மீது வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டே லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தார்: திருத்தம் அனுப்பும் ஒவ்வொருவரும், அதைத் தரும் உரிமை தமக்குண்டு எனத் தம் பெயரில் ஒரு வரி எழுதி உறுதியளிக்க வேண்டும். ஒரே ஒரு வரி. அதை எழுதக்கூட நமக்கு நேரமில்லையா?

நீதிமன்றத்தை விடுங்கள். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அறிவியலின் இழப்பு. மூல நிரலில் பிழை கண்டு திருத்தியிருப்பார்கள். மூலத்தை மறைத்து எடுத்த நம் படியில் அப்பிழை அப்படியே வாழும், நம் கட்டுரைகளிலும் வாழும். எது எங்கிருந்து வந்தது என்பதே தெரியாதபோது, எந்த முடிவை ஐயுறுவது?

நாங்கள் அந்த 300 வரிகளை நீக்கி, லாபேக் நூலகத்தைக் கொண்டு அப்பகுதியை மீண்டும் அமைத்தோம். ஆறு வாரங்கள் சென்றன. அன்று கோப்பைப் படியெடுத்தவர் தலைப்பில் நான்கு செய்திகள் எழுதியிருந்தால் போதும்: எங்கிருந்து எடுத்தது, எழுதியவர் யார், எந்த உரிமம், நாம் மாற்றியது என்ன.

நெறியாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலைப் புரட்டும் அதே கையால் நிரற்கோப்பு ஒன்றையும் திறந்து பாருங்கள். அந்த நான்கு செய்திகளும் இல்லையெனில், மேற்கோள் இல்லாத பத்தியை எவ்வாறு திருப்பி அனுப்புவீர்களோ அவ்வாறே அதையும் திருப்பி அனுப்புங்கள். மாணவ நண்பர்களே, அவர்கள் கேட்கும்வரை காத்திராதீர்கள். இன்றே உங்கள் கோப்புகளைத் திறந்து, நினைவிருக்கும்போதே எழுதிவையுங்கள்.