பாறைமேல் கட்டிய ஊர்

உரோமைக்குத் திருப்பயணம் செல்லும் நம் மக்களுள் பலர் புனித இராயப்பர் பேராலயத்தையும் நிலத்தடிக் கல்லறைகளையும் கண்டு, வாய்ப்பு இருப்பின் அசிசி நகரையும் தரிசித்துத் திரும்புவர். பயணத்தில் ஒரு நாள் மிஞ்சுமாயின் அதை எங்ஙனம் கழிக்கலாம் என்று எண்ணுவோர்க்கு, இத்திங்கள் ஒரு மலையூரைக் காட்ட விழைகிறோம். அதன் பெயர் சிவிதா தி பாஞோரேஜோ. திருச்சபையின் மறைவல்லுநரான புனித பொனவெந்தூர் பிறந்த ஊர் அது. இத்தாலியர் அதற்கு வழங்கும் மற்றொரு பெயர் 'மடிந்துகொண்டிருக்கும் நகர்' என்பதாகும்.

இவ்வூர் உரோமைக்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலையில் புகைவண்டி ஏறி ஒர்வியேத்தோ நகரில் இறங்கினோம். அங்கிருந்து பேருந்து, திராட்சைக் கொடிகளும் ஒலிவ மரங்களும் செறிந்த மேடுபள்ளங்களில் வளைந்து வளைந்து சென்று, பாஞோரேஜோ என்னும் சிறு நகரில் நம்மை இறக்கிவிட்டது. அதன் நெடுந்தெரு வழியே அவசரமின்றி நடந்தோம். தெரு முடிந்த இடத்தில் நிலமும் முடிந்தது. எதிரே அகன்ற பள்ளத்தாக்கு. அதன் நடுவே தனித்து நிற்கும் பாறை. பாறையின் உச்சியில் பழுப்பு நிற வீடுகளும் ஒரு மணிக்கூண்டும். அவ்வூரை அடைய 1965-ஆம் ஆண்டு கட்டப்பட்ட, ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள நடைபாலம் ஒன்றே வழி. இறுதிப் பகுதி செங்குத்தாக ஏறுவதால் முதியோர் நின்று இளைப்பாறிச் செல்கின்றனர். நாமும் அவ்வாறே சென்றோம்.

ஊரின் வாயில் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது. கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இங்கு வாழ்ந்த எத்ருஸ்கர் அதனைக் குடைந்தனர். இடைக்காலத்தார் அதன்மேல் வளைவு எழுப்பினர். அங்கே இரு கற்சிங்கங்கள் மனிதத் தலைகளைத் தம் நகங்களில் பற்றியிருக்கின்றன. ஒர்வியேத்தோவின் பிரபுக் குடும்பம் ஒன்றின் கொடுங்கோன்மையை ஊரார் எதிர்த்து வென்றதன் நினைவு அது என்பர். வாயிலைக் கடந்ததும் ஒரு மாளிகையின் முகப்பு கண்ணைக் கவர்கிறது. சன்னல்கள் அழகாக உள்ளன. ஆனால் அவற்றின் பின்னே அறையும் இல்லை, கூரையும் இல்லை, வானமே தெரிகிறது. மாளிகையின் பின்பகுதி பள்ளத்தில் விழுந்துவிட்டது.

பாறைமேல் கட்டிய வீடு பெருமழைக்கும் புயலுக்கும் அசையாது என்று ஆண்டவர் அருளிய உவமையை நாம் அறிவோம். இவ்வூரும் பாறைமேல் கட்டப்பட்டதே. ஆயினும் அந்தப் பாறை எதன்மேல் நிற்கிறது? எரிமலை உமிழ்ந்த சாம்பல் இறுகி உண்டான மென்கல் அது. அதன் அடியில் இருப்பதோ பண்டைக் கடலின் அடியில் படிந்த களிமண். மழை நீரும் இருபுறத்து ஓடைகளும் களிமண்ணை அரிக்க அரிக்க, மேலிருக்கும் கல் பிளந்து, பாளம் பாளமாகச் சரிகிறது. பொறியாளர்கள் பாறையை எஃகுக் கம்பிகளால் பிணைத்துக் காக்க முயல்கின்றனர். நிலச்சரிவைப் பற்றியே ஓர் அருங்காட்சியகமும் ஊருக்குள் உள்ளது.

முற்காலத்தில் சிவிதாவே பெரிய நகர். பாஞோரேஜோ அதன் புறநகர். ஆயரின் பேராலயமும் சிவிதாவிலேயே இருந்தது. 1695-ஆம் ஆண்டு சூன் திங்களில் நேர்ந்த நிலநடுக்கம் அனைத்தையும் மாற்றிற்று. வீடுகள் இடிந்தன, வழி சிதைந்தது, ஆயரும் ஊராட்சியாளரும் எதிர்க்கரைக்குக் குடிபெயர்ந்தனர். மக்களும் குடும்பம் குடும்பமாக அவர்களைப் பின்பற்றினர்.

நண்பகலில் ஊர்ச் சதுக்கத்தை அடைந்தோம். முன்னாள் பேராலயமான புனித தொனாத்து ஆலயம் அங்கே உள்ளது. சதுக்கத்தில் கல் பதிக்கவில்லை, வெறும் மண்தரையே. ஆண்டுதோறும் அதில் கழுதைப் பந்தயம் நடத்துகின்றனர். அருகில் ஒரு குகையில் பழைய ஒலிவச் செக்கு இருக்கிறது. கண் கட்டிய கழுதைகள் அதைச் சுற்றி நடந்த காலம் உண்டு. சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, ஒலிவ எண்ணெய் ஊற்றித் தருகின்றனர். அதை உண்டு, கற்படியில் அமர்ந்து, பூந்தொட்டிகளையும் வெயில் காயும் பூனைகளையும் பார்த்திருந்தோம். ஊர்தியின் இரைச்சல் இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் ஆரவாரமும் இல்லை.

2013 முதல் பாலத்தைக் கடப்போரிடம் நுழைவுக் கட்டணம் பெறுகின்றனர். முதலில் ஒன்றரை யூரோவாக இருந்த கட்டணம் பின்னர் ஐந்து யூரோவாக உயர்ந்தது. ஆண்டுக்கு இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். அப்பணத்தால் ஊர் பேணப்படுகிறது. ஆனால் வருவோர் யாவரும் மாலையில் திரும்பிவிடுவர். ஆண்டு முழுவதும் அங்கே குடியிருப்போர் ஏறத்தாழ ஒரு டஜன் பேரே. சுவர்களைக் காக்கப் பணம் உண்டு. அடுப்பு மூட்டவோ போதிய குடும்பங்கள் இல்லை.

புனித பொனவெந்தூர் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பிறந்தார். குழந்தையாயிருக்கையில் சாகும் நிலையில் இருந்த தம்மைத் தாயின் வேண்டுதலுக்கிரங்கி அசிசியின் புனித பிரான்சிசு காப்பாற்றினார் என அவரே எழுதியுள்ளார். 1257-இல் பிரான்சிசு சபையின் தலைவரானார், 1273-இல் கர்தினாலானார், மறு ஆண்டே லியோன் பொதுச்சங்கத்தின்போது இறந்தார். அவர் பிறந்த வீடு என்றோ பள்ளத்தில் சரிந்துவிட்டது. லியோனில் இருந்த அவர் உடலும் 1562-இல் மதக் கலகத்தில் அழிக்கப்பட்டது. முன்னரே சொந்த ஊருக்கு அனுப்பப்பட்ட கரம் ஒன்று மட்டும் பாஞோரேஜோ ஆலயத்தில் திருப்பண்டமாக விளங்குகிறது. இளமையில் அவரை ஆய்ந்து நூல் எழுதிய திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2009 செப்டம்பரில் அங்கு வந்து அதனை வணங்கினார். வீடும் கல்லறையும் போயின. ஆன்மா இறைவனை நோக்கிச் செல்லும் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூலோ, ஏறத்தாழ 760 ஆண்டுகளுக்குப் பின்னும் கற்கப்படுகிறது.

புனித தொனாத்து ஆலயத்தில் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, மரத்தாலான பாடுபட்ட சுரூபம் ஒன்று உள்ளது. ஆயர் எதிர்க்கரைக்குச் சென்ற பின்னும் அது சிவிதாவிலேயே தங்கிற்று. புனித வெள்ளியன்று அதைப் பாலத்தின் வழியே தோளில் சுமந்து பாஞோரேஜோவுக்குப் பவனியாகக் கொண்டு செல்கின்றனர். நள்ளிரவுக்குள் அது சிவிதாவுக்குத் திரும்பவில்லையெனில் பாஞோரேஜோவுக்கே உரியதாகிவிடும் என்பது வழிவழி வந்த பேச்சு. ஆகவே பவனி முடிந்ததும் இருளில் மீண்டும் அச்செங்குத்தான ஏற்றத்தில் ஏறுகின்றனர்.

நள்ளிரவில் அதைச் சுமந்து ஏறும் தோள்கள் உள்ளவரை அவ்வூர் மடிந்துவிட்டது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. களிமண் கரைவதை யாரும் முற்றிலும் தடுக்க இயலாது. நம் குடும்பங்களிலும் பாட்டனார் கட்டிய வீடு ஒருநாள் கைமாறும் அல்லது இடியும். அவ்வீட்டில் அவர்கள் ஏற்றிய மாலை விளக்கையும் சொல்லிய செபத்தையும் அடுத்த தலைமுறை தன் தோளில் ஏற்றுக்கொண்டதா என்பதே கேட்கத்தக்க கேள்வி.