கடிகாரம் பழசு, முகம் புதுசு!

மீஞ்சூருக்கு வடக்கே, ஏரியும் கடலும் கைகோர்க்கும் இடத்தில் பழவேற்காடு இருக்கிறது. அங்கே ஒரு பள்ளிவாசலில் பழைய சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. அதற்குச் சக்கரம் கிடையாது, சாவி கிடையாது. வெயிலில் விழும் நிழல்தான் மணி சொல்லும். அந்த நிழலில் யாரும் போலி செய்ய முடியாது. சூரியனுக்கு யார் வர்ணம் பூசுவது?

கைக்கடிகாரம் அப்படி அல்ல!

ஒரு காலத்தில் கைக்கடிகாரம் பெரிய அந்தஸ்து. கலியாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டால் போதாது. வாச்சும் கட்ட வேண்டும். சீமை வாச்சு வாங்க வசதி இல்லாதவர்களுக்கு எச்.எம்.டி. வந்தது. 1961-ல், ஜப்பான் நாட்டு சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு, பெங்களூரில் அரசாங்கத் தொழிற்சாலையில் கைக்கடிகாரம் தயாரானது. முதல் கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். "ஜனதா", "பைலட்", "காஞ்சன்" என்று பல பெயர்களில் அவை வந்தன. ஆசிரியர் கையிலும் அதுதான். ரெயில்வே ஊழியர் கையிலும் அதுதான். மீன் விற்ற பணத்தைச் சேர்த்து மகளுக்குக் கலியாணம் செய்தவர் மருமகனுக்குக் கட்டியதும் அதுதான்.

2016 ஜனவரியில் அந்தக் கடிகார நிறுவனத்தை மூடுவது என்று மத்திய அரசு முடிவு செய்தது. உடனே பழைய எச்.எம்.டி.க்கு மவுசு பிறந்துவிட்டது! இருந்தபோது பீரோவில் போட்டு மறந்தவர்கள், இல்லை என்றதும் தேடி அலைந்தார்கள். மவுசு வந்த இடத்துக்கு மோசடியும் வராமல் இருக்குமா?

உடைந்த கடிகாரங்களை வாங்குகிறார்கள். ஒன்றிலிருந்து இயந்திரம், இன்னொன்றிலிருந்து கூடு, மூன்றாவதிலிருந்து முள் என்று எடுத்து ஒன்றாகப் பூட்டுகிறார்கள். மங்கிய முகப்பைச் சுரண்டிவிட்டுச் சிவப்போ பச்சையோ அடித்து, அதன்மேல் கம்பெனி பெயரை அச்சிடுகிறார்கள். உள்ளே ஓடுவது 40 வயது இயந்திரம். வெளியே தெரிவது போன வாரத்து வர்ணம். பழைய கடிகாரம் சேர்ப்பவர்கள் இதற்கு "மும்பை ஸ்பெஷல்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். (பாவம், மும்பை! நேர்மையாகப் பழுது பார்க்கும் எத்தனையோ கைகள் அங்கேயும் உண்டு.)

இது அசலா, போலியா? சேர்ப்பவர்களுக்குள் தீராத சண்டை இதுதான். "உள்ளே இருப்பது அசல் இயந்திரம். முகப்புக்குச் சாயம் பூசினால் என்ன? வீட்டுக்கு வெள்ளை அடிப்பதில்லையா?" என்கிறது ஒரு கட்சி. "தொழிற்சாலையிலிருந்து வந்த முகம் போனால் எல்லாமே போயிற்று" என்கிறது மறு கட்சி.

இரண்டு கட்சியும் ஒன்றை விட்டுவிடுகின்றன. பழுது பார்த்தது குற்றம் அல்ல. பழுது பார்த்ததை மறைத்து, "தொட்டதே இல்லை, அப்படியே இருக்கிறது" என்று சொல்லி விலை ஏற்றுவதுதான் குற்றம். முகப்பு புதிது என்று முதலிலேயே சொல்லிவிட்டால், பிடித்தவர் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?

ஏமாறுகிறவர்கள் ஏழைகள் மட்டும் என்று எண்ண வேண்டாம். 2021 நவம்பரில் ஸ்விட்சர்லாந்தின் ஜெனிவா நகரில் ஓர் ஏலம். 1957-ல் வந்த ஒமேகா கடிகாரம் ஒன்று 31 லட்சம் பிராங்குக்கு மேல் போயிற்று. நம் பணத்தில் ஏறத்தாழ 25 கோடி ரூபாய்! வாங்கியது யார் தெரியுமா? அதே ஒமேகா கம்பெனி, தன் காட்சி சாலைக்காக! 2023-ல் உண்மை வெளியாயிற்று. அது பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கடிகாரம். தங்கள் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கே இதில் பங்கு இருந்தது என்று கம்பெனி சொன்னது. பெற்ற தாயே பிள்ளையின் முகம் தெரியாமல் ஏமாந்த கதை!

அப்படியானால் சாதாரணக் குடும்பம் என்ன செய்யும்? சில அடையாளங்கள் இருக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்து எழுத்துக்களைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலை எழுத்து கூர்மையாக, ஒரே சீராக இருக்கும். பிறகு அடித்தது தடித்து வழியும். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். மறுக்கிற வியாபாரியிடம் பேச்சே வேண்டாம்.

இருட்டில் ஒளிரும் ரேடியப் பூச்சு உள்ள பழைய கடிகாரங்கள் உண்டு. ஐம்பது அறுபது ஆண்டில் அந்த ஒளி மங்கிவிடும். இன்றும் அது பளிச்சென்று எரிந்தால் பூச்சு புதிது. ஆனால் ஒளி மங்கினாலும் ரேடியத்தின் நஞ்சு மங்குவதில்லை. அதைச் சுரண்டிப் பார்ப்பது ஆபத்து. குழந்தைகள் கையிலும் கொடுக்கக் கூடாது.

கடலோரத்து வீடுகளுக்கு இன்னொரு விஷயம். உப்புக் காற்று சும்மா விடுவதில்லை. பழவேற்காட்டுப் பக்கம் பல வருஷம் ஒருவர் கையில் இருந்த கடிகாரத்தின் முகப்பில் புள்ளி விழும். முள்ளில் துரு ஏறும். அது அசிங்கம் அல்ல, அத்தாட்சி! "பழைய வாச்சு இருக்கா? புதுசு போல ஆக்கித் தருகிறேன்" என்று வருகிறவரிடம் அதைக் கொடுத்தால் அப்பா கட்டியிருந்த முகப்பு திரும்பி வராது. எண்ணெய் போட்டு ஓட வைக்கச் சொல்லலாம். வர்ணம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

காந்தியடிகளின் ஜெனித் பைக் கடிகாரம் 2009 மார்ச் மாதம் நியூயார்க்கில் ஏலம் போனது. அவரது மூக்குக் கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணத்தோடு சேர்த்து 18 லட்சம் டாலர்! வெறும் கடிகாரத்துக்கா அந்த விலை? அது யார் இடுப்பில் தொங்கியது, யாரிடமிருந்து யாரிடம் போனது என்ற வரலாற்றுக்குத்தான்.

அப்பாவின் எச்.எம்.டி.க்கு அவ்வளவு விலை வராது. ஆனாலும் அதைக் கட்டிக்கொண்டு அவர் எடுத்த கலியாணப் போட்டோ சுவரில் இருக்கும். அதே பீரோவின் அடியில், பழுப்பேறிய காகிதங்களுக்கு நடுவில், கடை ரசீதும் கிடந்தாலும் கிடக்கும். போட்டோவின் ஒரு பிரதியையும் அந்த ரசீதையும் கடிகாரத்தோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்கலாம்.