எண் உண்டு, ஊர் எங்கே?

ஒலுவிலிலும் அதனை அடுத்த நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலும் வயல் வட்டைகளிலும் வீட்டு முற்றங்களிலும் பாடப்பட்டு வந்த கவிகளுக்கு ஆக்கியோர் பெயர் இல்லை. அவை ஊரின் பொதுச் சொத்து. இன்றோ, கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் அக்கவியொன்றைப் பதிவுசெய்து, இணைய விநியோக நிறுவனமொன்றின் வழியாகச் சில நாட்களில் உலகெங்கும் வெளியிடலாம். வெளியீட்டுக்குப் பட்டைக்குறி எண்ணும் ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணும் கிடைக்கின்றன. விண்ணப்பத்தில் ‘பாடலாசிரியர்’ என்னும் இடத்தில் வெளியிட்டவர் தம் பெயரையே எழுதிவிடுகிறார். எண் கிடைத்துவிட்டது, எனவே உரிமையும் கிடைத்துவிட்டது என வாதிப்பாரும் உளர்.

இவ்வாதம் அறியாமையின்பாற்பட்டது. பட்டைக்குறியின் 13 இலக்கங்களும் சுட்டுவது விற்பனைப் பொருளை மட்டுமே. இலங்கைக்குரிய 479 என்னும் தொடக்க எண்கூட, எண்ணை வழங்கிய அமைப்பு எந்நாட்டினது என்று கூறுமேயன்றிப் பொருள் பிறந்த ஊரைக் கூறாது. 1986இல் சர்வதேச நியமமாக வெளிவந்த ஐ.எஸ்.ஆர்.சி.யின் 12 குறிகள் ஒலிப்பதிவு ஒன்றினை இனங்காட்டுவன. உரிமை வழங்குவன அல்ல. ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ ஒரு பதிவு; 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்தில் ஒலித்தது மற்றொரு பதிவு. இரண்டும் தனித்தனி எண்ணுக்குரியன. பாட்டென்னும் ஆக்கத்தைச் சுட்டுவது ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்னும் வேறோர் எண். ஆக்கியோர் பெயர் இணைக்கப்படுவது அதனுடனேயே. அங்குப் பொய்ப்பெயர் ஏறின், ஆசிரியருக்குரிய பங்குப்பணமும் அப்பெயரைத் தேடியே செல்லும். தாயிடம் கேட்ட கவியை நாளை மகள் பாடி வெளியிட்டால், அவளே களவாடியவளாகக் கருதப்படவும் கூடும்.

கலைக்கு எண்ணிடுவது மாட்டுக்குக் குறி சுடுவது போன்ற இழிவு என்று ஒதுங்கி நிற்போர் இன்னொரு சாரார். இவர்தம் கூற்றும் ஏற்புடையதன்று. ஊரார் ஒதுங்கி நிற்பதனால் எண்ணிடுதல் நின்றுவிடப்போவதில்லை, பிறர் எண்ணிடுவர். குறி சுடுவது பிழையன்று. களவு மாட்டுக்குக் குறி சுடுவதே பிழை. குறி சுட்டதனாலேயே கள்வன் அம்மாட்டின் சொந்தக்காரன் ஆகிவிடுவதுமில்லை.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தனது 24ஆம் பிரிவில் நாட்டார் வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. அவற்றைப் பொதுமக்களுக்கு வழங்குங்கால் அவை பெறப்பட்ட சமூகத்தையோ இடத்தையோ குறிப்பிடல் வேண்டும் என்பது அதன் விதி. சட்டம் ஊரின் பெயரைக் கேட்கின்றது. வெளியிடுவோரோ தம் பெயரைக் கொடுக்கின்றனர். இம்முரண்பாடு ஆழ்ந்து நோக்கற்பாலது.

ஒலுவில் மண்ணிலே அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவருக்கு இதில் பொறுப்பு உண்டு. கவி சேகரிக்கச் செல்வோர் பாடியவரின் இசைவைப் பெறுதல் வேண்டும். அவர் பெயரையும் ஊரையும் பாடிய நாளையும் பதிதல் வேண்டும். வெளியிடுங்கால் பாடலாசிரியர் என்னும் இடத்தில் ‘மரபுவழிப் பாடல்’ என்றே எழுதுதல் வேண்டும். ஒலிப்பதிவின் எண் பதிவுசெய்தவருக்குரியதாகலாம். கவி ஊருக்கே உரியது. இவ்வேறுபாட்டைக் காக்கத் தவறும் தலைமுறை, தன் பாட்டிமாரின் குரலை அயலார் பெயரில் விலைகொடுத்துக் கேட்க நேரிடும்.