உறையின் பின்புறத்து ஒரு பெயர்

ஓர் இசைத்தட்டுக்கு ஆசிரியர் யார்? பாடியவர் என்பர் சிலர். இயற்றியவர் என்பர் சிலர். இவ்விருவரினும் வேறான ஒருவர் உண்டு என்பதும், அவர் பெயரை நாம் படிக்காமலே கடந்து செல்கிறோம் என்பதும் என் கருத்து.

ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பாடிய புலவர் ஐவரோடு இவ்விருவரையும் தமிழுலகம் மறவாமற் போற்றி வருகிறது. இசைத்தட்டுலகில் தொகுத்தலும் தொகுப்பித்தலும் ஒருவர் கையிலேயே அமைவதுண்டு. அவரைத் தயாரிப்பாளர் என்கிறோம். நம் திரைப்பட வழக்கில் அச்சொல் பணம் முதலிடுபவரையே குறிப்பதால், கேட்போர் பெரும்பாலும் பொருள் மயங்குகின்றனர்.

நான் விரும்பிக் கேட்ட இசைத்தட்டுகள் சில, ஒன்றுக்கொன்று உறவில்லாதவை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்னையிற் பிறந்த வயலின் கலைஞர் எல். சங்கர், உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கமும் ஜாகிர் உசேனின் தபலாவும் உடன்வர, இராகம் தானம் பல்லவி வாசித்து 1981-இல் வெளிவந்த தட்டு ஒன்று. துனீசிய நாட்டு அன்வர் பிராஹிம் ஊத் என்னும் நரம்புக் கருவியை மீட்டிய 'பர்ஸக்' (1991) மற்றொன்று. எஸ்தோனியர் ஆர்வோ பார்ட் இயற்றிய 'தபுலா ராசா' (1984) வேறொன்று. அமெரிக்கர் கீத் ஜாரெட்டின் 'கொலோன் கச்சேரி' (1975) இன்னொன்று. நாடு வேறு, மரபு வேறு, கருவி வேறு. ஒருநாள் உறைகளைப் புரட்டிப் பின்புறத்துச் சிற்றெழுத்துகளைப் படித்தபோது அனைத்திலும் ஒரே பெயர் இருந்தது: மான்ஃபிரட் ஐக்கர்.

இவர் 1943-இல் ஜெர்மனியின் லிண்டாவ் நகரிற் பிறந்தவர். டபுள் பாஸ் வாசித்தவர். 1969-இல் மியூனிக் நகரில் ஈ.சி.எம். நிறுவனத்தைத் தொடங்கினார். பெரும்பாலான தட்டுகளுக்கு இரண்டு நாள் பதிவு, ஒரு நாள் ஒலிக்கலப்பு என்பதே அவர் கொண்ட முறை. ஆஸ்லோவில் யான் எரிக் கொங்சௌக் என்னும் ஒலிப்பதிவாளர் அவருக்கு வலக்கை போன்றவர். ஒரு சுரம் ஒலித்து, தேய்ந்து, அடங்கும் இடத்தை வெட்டாமல் விடுவது இவ்விருவர்தம் தனிப்பண்பு. நம் ஒலிநாடாக்களில் இடைவெளியென ஒன்று தோன்றினால் அதை நிரப்ப ஓடுவோர் இருந்தனர். இவரோ அவ்விடைவெளியையும் இசையெனக் கொண்டார்.

கொலோன் கச்சேரியையே எடுத்துக்கொள்வோம். 1975 ஜனவரி 24-ஆம் நாள் மேடைக்கு வந்தது தவறான பியானோ. மேல் சுரங்கள் மெலிந்தும் கீழ்ச் சுரங்கள் வலுவிழந்தும் கிடந்தன. ஜாரெட் நடுச் சுரங்களையே பெரிதும் நாடினார். குறையுள்ள பதிவென்று பேழையிற் பூட்டியிருந்தால் கேட்பாரில்லை. ஐக்கர் அதனை இரட்டைத் தட்டாக வெளியிட்டார். அஃது இலட்சக்கணக்கில் விற்றது. வாசித்தவர் ஜாரெட்தாம், ஐயமில்லை. எனினும் நம் செவிக்கு அது எட்டியது வேறொருவர் செவி அதனை ஏற்றமையால் அன்றோ?

இவர்மேல் ஒரு குற்றச்சாட்டும் உண்டு: யார் வாசித்தாலும் ஒரே பனிமூட்டம் கவிந்தாற்போல் ஒலிக்கிறது என்பர். முற்றிலும் பொய்யென நான் சொல்லேன். 1994-இல் வந்த 'ஆஃபீசியம்' தட்டில், பதினாறாம் நூற்றாண்டு மொராலெஸின் தேவாலயப் பாடலை ஹில்லியர்ட் குழுவினர் பாட, யான் கார்பரெக்கின் சாக்சஃபோன் அதன்மேல் தவழ்கிறது. அழகுதான், ஆயினும் அவ்வழகில் பாடலின் சொற்கள் கரைந்து போகின்றன. தொகுப்பவன் சுவை மிகுமிடத்தில் மூலம் சற்றே மங்கும் போலும். ஏடு பதிப்பித்தோர் இதனை நன்கறிவர்.

ஆனால் ஜாகிர் உசேன் 1987-இல் வெளியிட்ட 'மேக்கிங் மியூசிக்' அக்குற்றச்சாட்டுக்கு அடங்குவதில்லை. ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல், மக்லாஃப்லினின் கிதார், கார்பரெக்கின் சாக்சஃபோன் என மூன்று பெருங்குரல்களுக்கிடையே தபலாவின் இடக்கை முழக்கம் ஒவ்வொரு முறையும் தன் முழு நீளத்திற்கு ஒலித்து அடங்குகிறது. பெரிய அரங்குகளின் கரவொலியில் நாம் இழந்துவிடும் அந்த அடங்கலை, ஆஸ்லோவின் ஒரு சிறு கூடத்தில் யாரோ காத்திருந்து பிடித்திருக்கின்றனர். ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில் மறைந்தபின் அத்தட்டை மீண்டும் கேட்டபோது, தபலாவை மட்டுமின்றி அந்தக் காத்திருப்பையும் சேர்த்தே கேட்டேன்.