மரபணுவில் மூக்கின் படம் இல்லை

உடம்பின் வரைபடம் மரபணுவில் இருக்கிறது என்று பாடப்புத்தகம் சொல்கிறது, டாக்டர் சொல்கிறார், சினிமா விஞ்ஞானியும் சொல்கிறார். மூக்குக்கு ஒரு மரபணு, விரலுக்கு ஒரு மரபணு. கரு அதைப் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொள்ளுமாம். வீட்டுக்கு அது சரி. கருவுக்குச் சுத்தப் பிசகு.

1995-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வால்டர் கேரிங் குழுவினர், எலியின் கண் உருவாகத் தேவையான பாக்ஸ்-6 மரபணுவைப் பழ ஈயின் உடலில், கண் வரவே கூடாத இடங்களில் இயங்கவைத்தார்கள். அங்கே கண் முளைத்தது. எலிக் கண் அல்ல, முகப்புகள் அடுக்கிய அசல் ஈக் கண்! எலி மரபணுவில் எலிக் கண்ணின் வரைபடம் இருந்திருந்தால் அது எங்கே போயிற்று? அந்த மரபணு சொன்னது 'கண்ணைத் தொடங்கு' என்பதை மட்டும். எந்தக் கண் என்பது ஈயின் செல்கள் பார்த்துக்கொண்ட காரியம்.

ஹாக்ஸ் மரபணுக்களைக் காட்டி வாதிடுபவர்கள் உண்டு. தலை முதல் வால் வரை உடலைப் பகுதி பிரிக்கும் இவை, குரோமோசோமிலும் ஏறத்தாழ அதே வரிசையில் அமர்ந்திருக்கின்றன, மனிதருக்கு 39. வரைபடம் போலத்தான் தெரிகிறது. 2003-இல் அமெரிக்காவின் யூட்டாவில் வெல்லிக், கபெக்கி இருவரும் எலிகளில் ஹாக்ஸ்-10 மரபணுக்கள் அனைத்தையும் முடக்கினார்கள். வரைபடத்தில் ஒரு மூலையைக் கிழித்தால் அந்த அறை இல்லாமல் போக வேண்டும். இங்கோ இடுப்பு முள்ளெலும்புகளில் புதிதாக விலா எலும்புகள் வந்து நின்றன! அந்த இடத்தில் ஹாக்ஸ்-10இன் வேலை, விலா வராமல் தடுப்பது.

பழ ஈயின் தலைப்பக்கம் எது என்பதையோ, கருவின் சொந்த மரபணு அல்ல, தாய் முட்டையின் ஒரு முனையில் வைத்துவிடும் பைகாய்டு என்னும் மரபணுவின் செய்தி முடிவு செய்கிறது. தாயிடம் அந்த மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால், தகப்பன் நல்ல பிரதியைக் கொடுத்தும் பயனில்லை. கருவுக்குத் தலை இல்லை.

'உவமைதானே, விட்டுவிடுங்கள்' என்பார்கள். குறையோடு பிள்ளை பிறந்ததும் 'எந்த வழியில் வந்தது, பெண் வீட்டிலா?' என்று விசாரணை தொடங்குகிறதே, அதற்கு இந்த உவமை விஞ்ஞானச் சான்றிதழ் தருகிறது. 1950களின் இறுதியில் ஐரோப்பாவில் தொடங்கி ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறுகிப் பிறந்தார்கள். காரணம் பரம்பரையில் இல்லை. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் தாய்மார் குமட்டலுக்கும் தூக்கத்துக்கும் விழுங்கிய தாலிடோமைடு மாத்திரை அது.