சிப் வேகம் சரி... டேட்டாவை அனுப்ப எவ்வளவு கரண்ட்?

புது சிப் வந்தாலே எத்தனை நானோமீட்டர், எத்தனை கோடி டிரான்சிஸ்டர் என்றுதான் பேச்சு. ஆனால் ஏ.ஐ. சர்வர்களில் கணக்குப் போட மட்டும் கரண்ட் செலவாவதில்லை. ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்கு டேட்டாவை அனுப்பவும் கணிசமாகப் போகிறது. அந்தக் கணக்கு பெரும்பாலும் விளம்பரத்தில் வராது.

என்விடியா 2024 மார்ச்சில் அறிவித்த ஜிபி200 என்விஎல்72 ரேக்கைப் பாருங்கள். 72 ஜிபியுக்களை இணைக்க 5,000-க்கும் அதிகமான காப்பர் கேபிள்கள். நீட்டிப் போட்டால் சுமார் 3 கி.மீ. 'ஃபைபர் காலத்துல இன்னும் செம்புக் கம்பியா?' என்று தோன்றலாம். காரணம் கரண்ட்தான். ஒளி வழியே இணைத்திருந்தால் டிரான்சீவர், ரீடைமர்களுக்கே 20 கிலோவாட் போயிருக்கும் என்றார் ஜென்சன் ஹுவாங். மொத்த ரேக்குக்கே 120 கிலோவாட்தான்!

இங்கே அளவுகோல், ஒரு பிட்டை அனுப்ப எத்தனை பிகோஜூல் என்பது. பிகோஜூல் என்றால் ஒரு ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 'அவ்ளோதானா?' என்று விட்டுவிட முடியாது. இந்த ரேக்கில் ஒரு ஜிபியு நொடிக்கு 1.8 டெராபைட், அதாவது 14.4 லட்சம் கோடி பிட் பரிமாறும். பிட்டுக்கு 5 பிகோஜூல் என்று வைத்துக்கொண்டால் 72 வாட். ஒரு சீலிங் ஃபேன் ஓடுகிற கரண்ட்! 72 ஜிபியுவுக்கும் சேர்த்தால் 5 கிலோவாட்டைத் தாண்டும். அதையே 1 பிகோஜூலாகக் குறைத்தால் 1 கிலோவாட் சொச்சம்தான்.

குறைப்பது ஏன் கஷ்டம்? வேகம் கூடக்கூட செம்பில் சிக்னல் தேய்ந்துபோகும். அதனால் 'பேம்4' முறையில் இரண்டு வோல்டேஜ் நிலைக்குப் பதில் நான்கு நிலைகள். ஒரே துடிப்பில் 2 பிட் போய்விடும். ஆனால் நிலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். கொஞ்சம் இரைச்சல் வந்தாலும் பிட் மாறிவிடும். அதைச் சரிசெய்யும் ஈக்வலைசர் சர்க்யூட்டும் கரண்டைத் தின்னும்.

இன்னொரு வழி, தூரத்தைக் குறைப்பது. சிறு சிப்லெட்டுகளை ஒரே பேக்கேஜில் நெருக்கி வைத்தால் பிட்டுக்கு 1 பிகோஜூலுக்கும் கீழே இறங்கலாம். அதற்கான பொது விதியாக 2022-ல் 'யுசிஐஇ' வந்தது. இன்டெல், ஏஎம்டி என்று போட்டியாளர்களே சேர்ந்து உட்கார்ந்தார்கள் என்றால் நெருக்கடி புரியும்.

ஏ.ஐ.-க்கு இவ்வளவு மின்சாரமா என்று கேட்கிறவர்கள், சிப் கம்பெனிகளிடம் வேகத்தோடு இந்த பிகோஜூல் எண்ணையும் கேட்க வேண்டும். 2025 மார்ச்சில் அதே என்விடியா, ஒளிக்கருவியை ஸ்விட்ச் சிப்போடு ஒரே பேக்கேஜில் வைத்த நெட்வொர்க் ஸ்விட்ச்களை அறிவித்தது. அப்போது பெரிதாகச் சொன்னதும் மின் சிக்கனத்தைத்தான்.